மதிப்பெண் ஏறிய வீட்டில் பிள்ளைக்குச் சூடு

வாசகர் கேள்வி: குடும்பநல ஆலோசகர் பதில்

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராக இருக்கும் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வீட்டுக்குள் பிள்ளைகள் மீது வன்முறை நடக்கும் முன்பே தடுப்பதுதான் அவர்கள் திட்டம். குடும்பத்தின் குறைகளைத் தோண்டாமல், இருக்கிற பலத்தைக் கண்டுபிடித்து அதை வளர்க்கும் வழியில் 42 குடும்பங்களோடு வேலை செய்கிறார்கள். முன்னேற்றத்தை அளக்க 20 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண். மாசியில் முதல் சுற்று எடுத்தபோது சராசரி 78. பிள்ளையை அடிப்பதுண்டு என்று அப்போது சொன்னது மூன்றே வீடுகள். ஐப்பசியில் மறுபடி எடுத்தால் சராசரி 71 ஆகிவிட்டது. நடுவில் ஆறு குடும்பங்கள் திருப்பூருக்குப் போய்விட்டன. "எட்டு மாசம் வீடு வீடாப் போயி, இருந்ததையும் கொறச்சிட்டு வந்திருக்கியா?" என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். நிதி தருகிறவர்கள், "எத்தனை குழந்தைகள் மீதான வன்முறை தடுக்கப்பட்டது?" என்று ஒற்றை எண்ணைக் கேட்கிறார்கள்.

இதற்கு நடுவில் இன்னொன்று. மதிப்பெண் நன்றாக ஏறிய சில வீடுகளில் ஒன்றில், பத்து வயதுப் பையனுக்கு முழங்காலுக்குக் கீழே கரண்டிச் சூடு. குழுக் கடன் தவணைக்கு எடுத்து வைத்திருந்த பணத்தில் கை வைத்துவிட்டானாம். அப்பா வெளியூரில் வேலை. அம்மாவே அழுதுகொண்டு சொல்லியிருக்கிறார். "யார்கிட்டயும் சொல்லிடாத தங்கச்சி, புள்ளையப் புடிச்சிட்டுப் போயிடுவாங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொள்ள, இவரும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். "பலம் பார்க்கிற திட்டத்தில் குறையை எழுதக் கூடாது என்று பயிற்சியில் சொன்னார்கள். இதை நான் எங்கே எழுதுவது? மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டுமா? இல்லை, எங்கள் முறையே தப்பா?" என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கேட்ட வரிசையை நான் மாற்றிக்கொள்கிறேன். மதிப்பெண் விவகாரம் இன்னும் ஒரு வாரம் கிடக்கலாம். பையன் விஷயம் நாளைக்குக்கூடத் தள்ளக் கூடாது.

முதலில் அந்தப் பையன்

புண் எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. காய்ந்துவிட்டதா, நீர் கோத்திருக்கிறதா, மஞ்சளும் எண்ணெயும் பூசி வைத்திருக்கிறார்களா? எதுவானாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருமுறை காட்டுங்கள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. எப்படிப் பட்டது என்று மருத்துவர் கேட்பார். உண்மையைச் சொல்ல வேண்டும். அவர் காவல் துறைக்குத் தகவல் தரவும் கூடும். இதை அந்த அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது, நீங்கள் கொடுத்த வாக்கு. பிள்ளைகளோடு வேலை செய்யும் யாரும் அப்படியொரு வாக்கைக் கொடுக்க முடியாது. கொடுத்தாகிவிட்டது, சரி. அதைத் திரும்பப் பெறும் வேலையையும் நீங்களே நேரில் போய்ச் செய்யுங்கள். அலுவலகத்திலிருந்து வேறொருவர் போய் நின்றால், அந்த அம்மா இனி யாரையும் நம்ப மாட்டார். "அக்கா, அன்னைக்கு யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொன்னேன். அது என்னால முடியாது. ஆனா உங்களுக்குத் தெரியாம எதையும் செய்ய மாட்டேன். யார்கிட்ட என்ன சொல்றேன்னு உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்" என்று சொல்லிப் பாருங்கள். கோபப்படுவார். போ என்றுகூடச் சொல்வார். மறுநாள் மறுபடி போங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 75-வது பிரிவில், பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவரே செய்யும் கொடுமையைக் குற்றம் என்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பெற்ற தாய் என்பதால் விலக்கு கிடையாது. அதே சட்டத்தின்படி, தன்னைக் காயப்படுத்தியவரோடு ஒரே வீட்டில் வாழும் பிள்ளை, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை. அப்படிப்பட்ட குழந்தையின் விஷயத்தை மாவட்டத்தின் குழந்தைகள் நலக் குழு முன் கொண்டுபோகச் சமூகப் பணியாளருக்கு 31-வது பிரிவு வழி கொடுக்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலோ 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணிலோ சொன்னாலும் விஷயம் அங்கே போய்ச் சேரும்.

பாலியல் குற்றமாக இருந்தால் நிலைமை வேறு. போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, தெரிந்த எவரும் காவல் துறையிடம் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. மறைத்தது ஒரு நிறுவனத்தின் பொறுப்பாளராக இருந்தால் ஓராண்டு வரை. நல்லெண்ணத்தில் தகவல் தருபவர் மீது நடவடிக்கை எடுக்க முடியாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. அந்த மாதிரி விஷயத்தில், "உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன்" என்ற பேச்சுக்கும் இடமில்லை. செய்தவர் அந்த வீட்டிலேயே இருக்கலாம். தகவல் முன்கூட்டியே கசிந்தால் பிள்ளைக்குத்தான் ஆபத்து.

"புள்ளையப் புடிச்சிட்டுப் போயிடுவாங்க" என்ற பயம் கிராமத்தில் எல்லாத் தாய்மாருக்கும் இருக்கிறது. சட்டத்தின் நோக்கம் அப்படி இல்லை. பிள்ளை வளர வேண்டிய இடம் குடும்பம்தான், இல்லத்தில் சேர்ப்பது வேறு வழியே இல்லாதபோது கடைசியாகத்தான் என்று சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளிலேயே எழுதியிருக்கிறார்கள். நலக் குழு வழக்கமாக வீட்டு நிலவரத்தை விசாரித்து அறிக்கை கேட்கும், ஆலோசனைக்கு அனுப்பும், கண்காணிப்பில் வைக்கும். ஆனால் இப்படித்தான் முடியும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அதனால் "ஒண்ணும் ஆகாதுக்கா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "நான் கூட வர்றேன்" என்று சொல்லலாம், அது உங்கள் கையில் இருக்கிறது.

இன்றே உங்கள் பொறுப்பாளருக்கு நடந்ததை எழுத்தில் கொடுங்கள். எப்போது பார்த்தீர்கள், என்ன பார்த்தீர்கள், அம்மா என்ன சொன்னார், பையன் என்ன சொன்னான் என்று இருந்தது இருந்தபடி, உங்கள் அபிப்பிராயம் எதுவும் சேர்க்காமல் எழுதுங்கள். தேதியும் கையெழுத்தும் போட்டு, நகல் ஒன்றை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். இதை நீங்கள் தனியாகச் சுமக்கக் கூடாது.

"குறையை எழுதக் கூடாது" என்பது தவறான பாடம்

பலத்தைப் பார்க்கும் முறை எதற்காக வந்தது? "உன் வீட்டில் என்ன தப்பு நடக்கிறது?" என்று கேட்டுக்கொண்டு போனால் கதவு சாத்தப்படும். "இவ்வளவு கஷ்டத்திலும் பிள்ளைகளை எப்படிப் பள்ளிக்கூடம் அனுப்புகிறீர்கள்?" என்று கேட்டால் பேச்சு தொடங்கும், அப்புறம்தான் உண்மையான கஷ்டமும் வெளியே வரும். ஆபத்தைக் கண்டும் காணாமல் இருக்கச் சொல்லி இந்த முறையை யாரும் வகுக்கவில்லை.

அமெரிக்காவில் சமூகக் கொள்கை ஆய்வு மையம் என்ற அமைப்பு வகுத்த ஐந்து காப்புக் காரணிகள்தான் இப்படிப்பட்ட பல திட்டங்களுக்கு அடிப்படை. நெருக்கடியிலும் பெற்றோர் நிலைகுலையாமல் இருப்பது, ஆள் துணை, பிள்ளை வளர்ப்பு பற்றிய அறிவு, அவசரத்துக்குக் கைகொடுக்கும் உதவி, பிள்ளைகளின் மனப்பக்குவம் ஆகிய ஐந்து. இவற்றை ஒட்டிய காரணிகளை அளக்க, கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் பங்களிப்போடு ஒரு 20 கேள்விப் படிவம் அங்கே உருவானது. நீங்கள் அனுப்பிய கேள்விகளில் அதன் சாயல் தெரிகிறது. அந்தப் படிவத்தின் கையேடே, தனி ஒரு குடும்பத்தை எடைபோடவோ, பிள்ளையை எங்கே வைப்பது என்று முடிவெடுக்கவோ இதைப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்கிறது. ஒரு திட்டம் மொத்தத்தில் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்க மட்டும்தான் அது. ஆகவே மதிப்பெண் ஏறியதால் அந்த வீடு பத்திரமான வீடு ஆகிவிடவில்லை. சூடு வைத்துவிட்டார் என்பதற்காக நீங்கள் பத்து மதிப்பெண்ணை வெட்டுவதிலும் அர்த்தமில்லை.

என் யோசனை, இரண்டு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று குடும்பத்தின் நோட்டு. அவர்களுடைய பலம், ஆசை, இந்த மாதம் முயன்றது, முடிந்தது, முடியாதது எல்லாம் அதில். அதை அவர்களே எடுத்துப் பார்க்கலாம், எழுதலாம். இன்னொன்று பாதுகாப்பு நோட்டு. காயம், பயம், பிள்ளை சொன்ன வார்த்தை, யாருக்கு எப்போது தகவல் கொடுத்தீர்கள் என்பதெல்லாம் அதில். இது அலுவலகத்தில் பூட்டி இருக்க வேண்டும். முதல் நோட்டில் எவ்வளவு நல்ல சேதி சேர்ந்தாலும் இரண்டாவதில் ஒரு வரியைக்கூட அழிக்கக் கூடாது.

முதல் நோட்டு எப்போது உதவும் என்றால், இரண்டாவதில் எழுத வேண்டி வரும் நாளில். அந்த அம்மாவின் பலங்களாக நீங்களே மூன்று எழுதியிருக்கிறீர்கள்: நடவு வேலையில் கூட இருக்கும் பெண்களோடு நல்ல பழக்கம், பக்கத்து வீட்டு அத்தை மீது மரியாதை, மறைக்காமல் உங்களிடம் வந்து சொன்ன மனசு. இந்த மூன்றையும் வைத்தே பாதுகாப்புத் திட்டம் போடலாம். ஆத்திரம் தலைக்கு ஏறும்போது அடுப்படியை விட்டு வெளியே வந்து அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்வது. தவணைப் பணத்தை இனி வீட்டில் வைக்காமல் அத்தையிடம் கொடுத்து வைப்பது. அம்மா கத்த ஆரம்பித்தால் பையன் எந்த வீட்டுக்கு ஓடலாம் என்று மூவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்வது. அத்தையிடம் நீங்களும் பேச வேண்டும். இதெல்லாம் நலக் குழுவுக்குத் தகவல் கொடுப்பதற்குப் பதிலாக இல்லை, அதோடு சேர்த்துத்தான்.

பையன் எதற்காகப் பணத்தை எடுத்தான் என்று யாராவது கேட்டார்களா? கடிதத்தில் அது இல்லை. கேளுங்கள்.

78 எப்படி 71 ஆனது

முதல் சுற்றை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். மாசி மாதம், முன்பின் தெரியாத ஒரு பெண் கையில் ஃபைலோடு வாசலில் வந்து உட்கார்கிறார். மாமியார் நிலைப்படியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். எதிர் வீட்டுக்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார். "கோபம் வந்தால் பிள்ளையை அடிப்பீர்களா? எப்போதும், சில சமயம், ஒருபோதும் இல்லை" என்று கேட்டால் யார் என்ன சொல்வார்கள்? "எல்லாம் நல்லாத்தான் இருக்கு தங்கச்சி, ஒரு கொறையும் இல்ல." உண்மையைச் சொன்னால் ரேஷனில் கை வைப்பார்களோ, உரிமைத் தொகை நின்றுவிடுமோ என்ற கவலையும் உள்ளே ஓடும். மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றில் இரண்டு பிள்ளைகள் உடல்ரீதியான வன்முறைக்கு ஆளாகியிருந்தார்கள். 42 வீட்டில் மூன்றே வீடு அடிக்கிறது என்றால் அது வீடுகளின் நிலவரம் இல்லை, உங்கள் மேல் அப்போது இருந்த நம்பிக்கையின் நிலவரம்.

எட்டு மாதம் பழகிய பிறகு உங்களிடம் உண்மை சொல்கிறார்கள். 71-க்கு இறங்கியதில் ஒரு பங்கு இதனால் வந்தது. இன்னொரு பங்கு, அவர்கள் கற்றுக்கொண்டதால் வந்தது. மாசியில் "பிள்ளை வளர்ப்பு எனக்கு நன்றாகத் தெரியும்" என்று ஐந்து போட்ட அம்மா, நீங்கள் நடத்திய கூட்டங்களில் உட்கார்ந்த பிறகு, தெரியாதது இவ்வளவு இருக்கிறதே என்று மூன்று போடுகிறார். அளக்கிற கோலே மாறிவிட்டது. இது எல்லா நாட்டிலும் நடப்பதுதான். அதனால்தான் நான் சொன்ன அந்தப் படிவத்துக்கே, பழைய நிலையையும் இப்போதைய நிலையையும் ஒரே அமர்வில், முடிவில் கேட்கும் வடிவம் ஒன்றும் இருக்கிறது.

நம் ஊரில் இதைப் புளியங்கொட்டை வைத்தே செய்யலாம். தரையில் இரண்டு கட்டம் போட்டு, "போன மாசியில உங்க நெலம எப்படி இருந்துச்சுன்னு இப்ப நெனைக்கிறீங்க, இதுல வைங்க. இன்னைக்கு எப்படி, அதுல வைங்க" என்று கொட்டைகளை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். இங்கே இரண்டு, அங்கே இரண்டு என்று கூட்டிக் குறைத்து, யோசித்து, மறுபடி எடுத்து வைப்பார்கள். அப்போது பேசுகிற பேச்சுதான் சரக்கு. எண்ணை அப்புறம் குறித்துக்கொள்ளலாம். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. உங்களைச் சந்தோஷப்படுத்த நினைத்து, பழைய கட்டத்தில் குறைத்தும் புதிய கட்டத்தில் கூட்டியும் வைப்பார்கள். அதனால் சில வீடுகளுக்காவது உங்களுக்குப் பதில் பக்கத்து ஊர்க் களப்பணியாளர் போகட்டும். அவர் ஊருக்கு நீங்கள் போங்கள். உதவி செய்கிறவரே மார்க் போடுகிறவராகவும் இருந்தால் இரண்டு வேலையும் கெடும்.

மாசியை ஐப்பசியோடு ஒப்பிடாதீர்கள்

உங்கள் அலுவலகம் இதைக் கவனிக்கவே இல்லை என்பது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது, அவர்களும் டெல்டாக்காரர்கள்தானே. மாசி என்றால் சம்பாவும் தாளடியும் அறுத்து முடியும் நேரம். நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய்விட்டது, கையில் கொஞ்சம் காசு புரள்கிறது, பொங்கலுக்கு வாங்கிய துணி இன்னும் புதிதாக இருக்கிறது, அடகு வைத்த நகை சிலருக்குத் திரும்பியிருக்கிறது. ஐப்பசி அப்படியா? அடை மழை. கூரை ஒழுகுகிறது, பள்ளிக்கு மழை விடுமுறை, பிள்ளைகள் நாள் முழுக்க ஒரே அறைக்குள். வயலில் தண்ணீர் நிற்கிறது, வேலை இல்லை. ஆனால் குழுக் கடன் வாங்கிய வீட்டில் வாரத் தவணைக்கு மழை விடுமுறை கிடையாது. எந்தத் திட்டமும் நடக்காத ஊரில் எடுத்தால்கூட மாசிக்கும் ஐப்பசிக்கும் இடையில் மதிப்பெண் இறங்கத்தான் செய்யும்.

கடைமடையில் இது இன்னும் கடுமை. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தாலும் குறுவைக்குத் தண்ணீர் உங்கள் பக்கம் வந்து சேரும் என்பது நிச்சயமில்லை. நேரடி விதைப்பும் அறுவடை இயந்திரமும் வந்த பிறகு பெண்களுக்கு நடவும் அறுப்பும் கிடைக்கும் நாட்கள் சுருங்கிவிட்டன. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியது. அதற்கு முன்னால் ஆவணியில் ஒருமுறையும் அடுத்த தையில் ஒருமுறையும் யாராவது அளந்திருந்தால் தென்னை போன வீடு, கூரை போன வீடு எல்லாம் "பின்னடைவு" என்றுதான் கணக்கில் வந்திருக்கும். அந்த வீடுகளில் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு முகாமில் கிடந்த பெற்றோரின் பலம் எந்தக் கட்டத்திலும் விழுந்திருக்காது.

ஆகவே மாசிக்கு மாசி, ஐப்பசிக்கு ஐப்பசி என்று ஒப்பிடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் படிவத்தின் தலையில் ஒரு வரி சேருங்கள்: இந்த மூன்று மாதத்தில் வீட்டில் என்ன நடந்தது? வேலை இருந்ததா, யாராவது இறந்தார்களா, புதுக் கடன் உண்டா, கணவர் ஊரில் இருக்கிறாரா? அந்த ஒரு வரி இல்லாத மதிப்பெண்ணை நம்ப வேண்டாம்.

இன்னும் சொல்லப்போனால், நெருக்கடி மாதத்தில் அந்த வீடு எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் உண்மையான அளவு. போன ஐப்பசியில் தவணைக்காரர் வந்து கத்திவிட்டுப் போன அன்று பிள்ளைக்கு அடி விழுந்தது, இந்த ஐப்பசியில் அதே நிலைமையில் விழவில்லை என்றால், அது முன்னேற்றம். மற்ற மாதங்களில் எல்லாரும் நல்ல பெற்றோர்தான்.

கேள்விகளைக் கொஞ்சம் மாற்றுங்கள்

"உங்களுக்கு ஆதரவாக யாராவது இருக்கிறார்களா?" என்றால் ஆமாம் என்பார்கள். "ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவீர்கள்? கடைசியாக எப்போது கூப்பிட்டீர்கள்?" என்று கேளுங்கள். பெயர் சொன்னால் பெயரை எண்ணலாம். மாசியில் ஒரு பெயர், அடுத்த மாசியில் மூன்று பெயர் என்றால் அது யாராலும் மறுக்க முடியாத மாற்றம். "கோபத்தைக் கட்டுப்படுத்துவீர்களா?" என்பதை விட்டுவிட்டு, "போன வாரம் பிள்ளை மேல் ரொம்பக் கோபம் வந்தது எப்போது? அப்போது என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள்.

உதவி பற்றிய கேள்விகளில் நீங்கள் அளப்பது குடும்பத்தை மட்டுமா? ரேஷன் அட்டையில் பெயர் சேர்க்கவில்லை, சாதிச் சான்றிதழ் கிடைக்கவில்லை என்றால் அந்தக் குறை அம்மாவுடையதாக எழுதப்படக் கூடாது. குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசுத் திட்டமான மிஷன் வத்சல்யாவின் நிதி ஆதரவுப் பிரிவில் கணவனை இழந்த, கைவிடப்பட்ட தாய்மாரின் பிள்ளைகள் போன்றோருக்கு மாதம் 4,000 ரூபாய் உண்டு, வருமான வரம்புக்கு உட்பட்டு. உங்கள் 42 வீட்டில் தகுதி உள்ளவர்கள் எத்தனை பேர், அதில் எத்தனை பேருக்கு நீங்கள் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தீர்கள், எத்தனை பேருக்குப் பணம் வந்தது? இது உங்கள் நிறுவனத்துக்கான மதிப்பெண். அறிக்கையில் இதுவும் வர வேண்டும். வறுமையால் பிள்ளைக்குச் சோறு குறைவதும், இருந்தும் போடாமல் இருப்பதும் ஒன்றில்லை. படிவம் இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டால் அந்தக் கட்டத்தை உடையுங்கள்.

பிள்ளைகளை யாரும் கேட்பதில்லை என்பது உங்கள் முறையில் பெரிய ஓட்டை. இருபது கேள்வியும் பெற்றோருக்குத்தான். பிள்ளையின் மனநிலையைப் பார்க்க, பிரிட்டன் மனநல மருத்துவர் ராபர்ட் குட்மன் 1997-இல் வெளியிட்ட 25 கேள்விப் படிவம் தமிழிலேயே கிடைக்கிறது. பெற்றோரும் ஆசிரியரும் நிரப்பலாம், பதினொரு வயதிலிருந்து பிள்ளைகளே நிரப்பலாம். அதற்கு மேல் நேரடியாகப் பேசுவதென்றால், பெற்றோர் இல்லாத, ஆனால் நாலு பேர் கண்ணில் படும் இடத்தில் பேசுங்கள். அங்கன்வாடி வாசல் போதும். தொடங்கும்போதே, "நீ சொல்றத நான் எல்லார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா உனக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா, உதவி செய்யறவங்ககிட்ட சொல்லுவேன்" என்று சொல்லிவிடுங்கள். "அம்மா அடிச்சாங்களா?" என்று வாயில் வார்த்தையைப் போடாமல், "வீட்ல பெரியவங்களுக்குக் கோவம் வந்தா என்ன நடக்கும்?" என்று விடுங்கள். பதில் வந்தால் அடுத்து என்ன செய்வது என்று தெரியாதவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது.

நிதி தருகிறவர்களுக்கு என்ன எழுதுவது

"எத்தனை வன்முறை தடுக்கப்பட்டது" என்ற எண் உங்களிடம் இல்லை, யாரிடமும் இருக்காது. நடக்காமல் போனதை எண்ண முடியாது. 42 வீட்டை வைத்துக்கொண்டு சதவீதம் போட்டால் அது ஏமாற்று. 1098-க்குப் போகும் அழைப்புகள் குறைந்தால் வெற்றி என்றும் காட்டாதீர்கள். நல்ல வேலை நடக்கும் ஊரில் முதலில் அழைப்புகள் கூடலாம், ஏனென்றால் இப்போதுதான் சொல்லலாம் என்ற தைரியம் வந்திருக்கிறது.

சராசரியையும் எடுத்துவிடுங்கள். பத்து வீடு ஏறி, பத்து வீடு இறங்கினால் சராசரி அசையாது, ஆனால் இருபது வீட்டில் பெரிய விஷயம் நடந்திருக்கும். ஐந்து காரணிகளையும் தனித்தனியாக வைத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை வீடு நகர்ந்தது, எத்தனை அப்படியே, எத்தனை இறங்கியது என்று எழுதுங்கள். இறங்கிய வீடுகளுக்கு என்ன காரணம், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கீழே சேருங்கள். திருப்பூர் போன ஆறு குடும்பங்களையும் கணக்கிலிருந்து நீக்காதீர்கள். பெரும்பாலும் கஷ்டம் முற்றியவர்கள்தான் ஊரை விட்டுப் போவார்கள். அவர்களைக் கழித்துவிட்டு மிச்சம் 36 வீட்டுக்குச் சராசரி போட்டால் படம் பொய்யாகும். ஃபோன் எண் இருந்தால் பேசுங்கள், பிள்ளைகள் அங்கே பள்ளியில் சேர்ந்தார்களா என்று கேட்டு அதையும் எழுதுங்கள்.

பாதுகாப்பு நோட்டிலிருந்து அறிக்கைக்குப் போக வேண்டியது எண்ணிக்கை மட்டும்: எத்தனை விஷயத்தில் தகவல் கொடுத்தோம், எத்தனை நாளில் கொடுத்தோம். பெயர், ஊர், தெரு, பள்ளி, படம் எதுவும் கூடாது. வெற்றிக் கதை என்று அந்த அம்மாவின் முகத்தை மறைத்து ஒரு படம் போடலாமே என்று அலுவலகத்தில் யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு தெருவில் எல்லாருக்கும் எல்லாரையும் சேலையை வைத்தே தெரியும். ஊழியர்களின் வாட்ஸப் குழுவிலும் அந்தப் பையனின் கால் படம் போயிருந்தால் இன்றே அழிக்கச் சொல்லுங்கள். குழந்தைகள் நலக் குழுவோ மருத்துவரோ கேட்டால் கொடுக்க அலுவலகத்தில் ஒரு பிரதி பூட்டில் இருந்தால் போதும்.

இதை எல்லாம் பொறுப்பாளரிடம் பேசத் தயக்கமாக இருப்பது புரிகிறது. "இறங்கியது ஏன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அடுத்த சுற்றை எப்படி எடுப்பது என்றும் தெரியும்" என்று தொடங்குங்கள். அடுத்த சுற்றை வரும் மாசியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றோடு சேர்த்துப் பார்க்க அதுதான் சரியான மாதம். நிதியாண்டு மார்ச்சில் முடிவதால் அறிக்கைக்கும் நேரம் இருக்கும். அதற்குள் கேள்விகளைத் திருத்த, அந்த 36 வீடுகளில் நாலைந்து அம்மாக்களையே கூப்பிட்டு உட்கார வையுங்கள். எந்தக் கேள்விக்கு ஊரில் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.